பன்னிரண்டரை மணி அம்மா

ஜூன் 10, திங்கள்

முதல் நாள் முடிந்தது. என் தொண்டையும் முடிந்தது. எல்.கே.ஜி. வகுப்பில் ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது. ஐந்து நிமிடத்தில் மொத்த வகுப்பும் கச்சேரியில் சேர்ந்துகொண்டது. பாதிப் பேருக்கு எதற்கு அழுகிறோம் என்றே தெரியாது. பக்கத்தில் இருப்பவன் அழும்போது நாம் சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று மரியாதைக்கு அழுதார்கள்.

வெற்றிவேல் என்று ஒரு குண்டுப் பையன். அவன் அழவில்லை. ஆனால் முதுகில் மாட்டிய பையைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டான். "இப்ப வீட்டுக்குப் போயிருவேன்லா மிஸ், எதுக்குக் கழட்டிக்கிட்டு?" என்று என்னிடமே நியாயம் கேட்டான். பையோடு உட்கார்ந்தான், பையோடு பிஸ்கட் தின்றான், பையோடு ஒன்றுக்குப் போய்வந்தான். ரிஸ்வானா என்று ஒருத்தி, யார் பெயரைக் கூப்பிட்டாலும் "பிரசன்ட் மிஸ்" என்றாள். "அவங்கல்லாம் அழுதுக்கிட்டு இருக்காங்க மிஸ், யாராவது சொல்லணும்லா" என்பது அவள் கட்சி.

நேவிஸ் அழவில்லை. கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தான்.

நேவிஸ் என் மகன். நான்கு வயதாகப் போகிறது. அவன் அப்பா ரூபனுக்கு எண்ணெய்க் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. பிப்ரவரியில் போனார், நவம்பரில் வருவார். இந்த டைரிகூட அவருடைய கம்பெனி கொடுத்ததுதான். பக்கத்துக்குப் பக்கம் மூலையில் ஒரு குட்டிக் கப்பல். அவர் போனபிறகு தூத்துக்குடியில் நானும் இவனும்தான். இவனை விட்டுவிட்டுப் போக ஆளில்லை என்பதால் இவனைச் சேர்த்த பள்ளியிலேயே நானும் வேலைக்குச் சேர்ந்துகொண்டேன்.

அதற்கு ஹெட்மிஸ் கமலவேணி மேடம் ஒரு நிபந்தனை போட்டார்கள். "டீச்சர் பிள்ளைங்களுக்கு ஸ்கூலுக்குள்ள அம்மா கிடையாது, மிஸ்தான். ஒரு பிள்ளைக்கு மட்டும் அம்மா கூடவே இருந்தா மத்த பிள்ளைங்க ஏங்கிப்போயிரும்." நியாயம்தானே. போன வாரம் முழுக்க வீட்டில் வைத்துப் பயிற்சி கொடுத்தேன். கேட்டுக்கு வெளியே அம்மா, உள்ளே மிஸ்.

"கேட்டுல நிக்கும்போது?" என்று கேட்டான்.

"கேட்டுலல்லாம் நிக்கக் கூடாது. சட்டுன்னு உள்ள வந்துரணும்" என்றேன்.

ஜூன் 11

வெற்றிவேல் இன்றும் பையைக் கழற்றவில்லை.

ஜூன் 21, வெள்ளி

அழுகைக் கச்சேரி ஓய்ந்துவிட்டது. வெற்றிவேல் பையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினான். வகுப்பே கைதட்டியது. அவன் எழுந்து நின்று கும்பிட்டான்.

இப்போது வேறு வேடிக்கை. பேச்சுவாக்கில் எல்லாப் பிள்ளைகளும் என்னை "அம்மா" என்றுவிடுகிறார்கள். இன்று ரிஸ்வானா "அம்மா, ஒன்னுக்கு" என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, மறைப்பானேன்.

நேவிஸ் மட்டும் ஒரு தரம்கூடத் தவறவில்லை. மிஸ் என்றால் மிஸ். "ஒங்க பையன் ரொம்பத் தெளிவு" என்று மேடம் மெச்சினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

பன்னிரண்டரைக்கு எல்.கே.ஜி. விடும் நேரம் பார்க்க வேண்டியது. கேட்டுக்கு வெளியே அம்மாமார் கூட்டம். உள்ளே ஆயா சொர்ணக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு "வெற்றி அம்மா வந்தாச்சு! ரிஸ்வானா அம்மா வந்தாச்சு!" என்று ஏலம் விடுவாள். பெயர் கேட்ட பிள்ளை தண்ணீர் பாட்டில் ஆட ஆட ஓடிப்போய் அம்மாவின் வயிற்றில் முட்டும். முட்டிய நொடியே வாய் திறந்துவிடும். யார் கிள்ளினான், யார் வாந்தி எடுத்தான், மிஸ் என்ன சொன்னாள், எல்லாம் தெருமுனை தாண்டும் முன் ஒப்பித்தாக வேண்டும். நான் வகுப்பு ஜன்னலிலிருந்து பார்ப்பேன்.

எனக்கு மூன்றரை வரை யு.கே.ஜி. வேலை இருக்கிறது. அதுவரை நேவிஸ் ஆபீஸ் வாசல் பெஞ்சில் இருப்பான். சொர்ணக்கா சோறு ஊட்டிவிடுவாள். கடைசிப் பிள்ளை போகும்வரை கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எந்தத் தொந்தரவும் கிடையாது, சமர்த்து.

ஜூலை 8, திங்கள்

சாயங்காலம் அடுப்படியில் நிற்கிறேன், பின்னாலிருந்து "மிஸ், தண்ணி வேணும் மிஸ்" என்று குரல். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஏல, இது வீடுல" என்றேன். "ஆமா மிஸ்" என்றான்.

ஜூலை 13, சனி

ஒரு வாரமாக இதே கதை. "மிஸ், தோசை போதும்." "மிஸ், டவுசர் எங்க இருக்கு?" முன்பெல்லாம் என்னை "நீ, வா, போ" என்பான். இப்போது "வாங்க, சொல்லுங்க, குடுங்க". குளிப்பாட்டும்போது கண்ணில் சோப்பு போய்விட்டது. அப்போதாவது வரும் என்று நினைத்தேன். "ஐயோ மிஸ்!" என்று கத்துகிறான்.

கையில் ஜெம்ஸ் பாக்கெட்டை வைத்துக்கொண்டு, அம்மா என்று சொன்னால் முழுப் பாக்கெட்டும் உனக்கு என்றேன். பாக்கெட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் பாக்கெட்டைப் பார்த்தான்.

"ரூல்ஸ் மிஸ்" என்றான்.

பாக்கெட்டை அவனே தின்னட்டும் என்று கொடுத்துவிட்டேன்.

ஜூலை 24, புதன்

இன்று கத்திவிட்டேன். "நான் ஒனக்கு அம்மா! பெத்தவ! வீட்டுல மிஸ்னு சொன்னா வாயில சூடு வைப்பேன்!" என்றேன். அவன் உடனே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, விரலை உதட்டில் வைத்துக்கொண்டான். வகுப்பில் நான் பழக்கியதுதான், சத்தம் போட்டால் விரல் உதட்டுக்குப் போக வேண்டும்.

"ஸாரி மிஸ்" என்றான், விரலுக்குப் பின்னாலிருந்து.

எனக்கு உட்காரத் தோன்றி தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ரூபன் பேசினார். கப்பல் கரையோரமாக வரும்போதுதான் சிக்னல் கிடைக்கும். அதற்காக நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு அலைவதில்லை. பக்கத்தில் வைத்திருப்பேன், அவ்வளவுதான். பூசைக்குப் போனபோதுகூட அதிர்வில் வைத்து மடியில் வைத்திருந்தேன். கோயிலை விட்டு வெளியே வந்து படியிலேயே நின்று பேசினேன். நேவிஸிடம் கொடுத்தேன்.

"அம்மாட்ட குடுல" என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

"அம்மா இல்லப்பா. மிஸ்தான் இருக்காவ. குடுக்கட்டா?"

ரூபன் சிரித்த சிரிப்பில் போன் இரைந்தது. நான் வாங்கியபிறகும் சிரித்துக்கொண்டேயிருந்தார். "ஏட்டி, நான் வந்தா என்னைய என்னன்னு கூப்பிடுவான்?" என்றார்.

"கரஸ்பாண்டென்ட்னு கூப்பிடுவான். மாசத்துக்கு ஒருக்காதான வாறீங்க, அதுவும் வெறும் குரலா."

அதற்கும் சிரித்தார். பிறகு சிக்னல் போய்விட்டது. அவர் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அந்தச் சிரிப்பை நேரில் கேட்டு எத்தனை காலமாயிற்று.

ஆகஸ்ட் 22, வியாழன்

காலையில் 'சேதி நேரம்' என்று ஒன்று வைத்திருக்கிறேன். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையும் வீட்டுச் சேதி ஒன்று சொல்ல வேண்டும். பேச்சு வரட்டும் என்று வைத்தது. தெருவின் மானமே இந்த வட்டத்தில்தான் போகிறது. வெற்றிவேலின் அப்பா மாமியார் வந்தால் மொட்டைமாடியில் போய்ப் படுத்துக்கொள்வாராம். ரிஸ்வானா வீட்டில் பல்லிக்கு ஷகிலா என்று பெயர் வைத்திருக்கிறார்களாம், அது அவள் பெரியம்மா பெயராம், பெரியம்மாவிடம் சொல்லக் கூடாதாம்.

நேவிஸ் முறை வந்தது. எழுந்து கைகட்டி நின்றான்.

"எங்க அம்மா போனப் பாத்துக்கிட்டே இருப்பா மிஸ். அது அடிக்கவே அடிக்காது. அப்புறம் பாத்ரூம்ல பைப்பத் தொறந்துவிட்டுட்டு அழுவா. தண்ணி வேஸ்டாப் போகும்."

வகுப்பு என்னைப் பார்த்தது.

"ஏன் அழுவாங்க?" என்று ரிஸ்வானா கேட்டாள்.

"தெரியல. பாடவும் மாட்டா. எங்க அம்மாவுக்குப் பாட்டே தெரியாது. மிஸ்ஸுக்குத்தான் தெரியும்."

"நல்ல சேதி நேவிஸ், உட்காரு" என்றேன்.

பாத்ரூமில் நான் தலைக்கு ஊற்றும்போது ஷாம்பு கண்ணில் பட்டிருக்கும். பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்கிறான்.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். ஆளுக்கொரு ரோஜா. வெற்றிவேலின் ரோஜாவில் காம்பு மட்டும்தான் வந்து சேர்ந்தது. இதழ்களை வழியிலேயே தின்றுவிட்டானாம். "நல்லா இல்ல மிஸ்" என்று எச்சரித்தான்.

யானைக்கு வண்ணம் தீட்டச் சொன்னேன். ரிஸ்வானாவின் யானைக்கு நான்கு காலும் சிவப்பு. கேட்டால், "மருதாணி மிஸ். நாளைக்கு அதுக்குக் கல்யாணம்."

நண்டுப் பாட்டு பாடினோம். நானே கட்டிய பாட்டு.

நண்டாரே நண்டாரே எங்கே போறீரு?
நனைஞ்ச சட்டை காயப்போடக் கரைக்குப் போறேனே!

பாடும்போது நான் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடப்பேன், பிள்ளைகள் சட்டையை உதறுவார்கள். நேவிஸ் சத்தமில்லாமல் சிரிப்பான், தோள் மட்டும் குலுங்கும். ரூபனுக்கும் அப்படித்தான் குலுங்கும்.

சாயங்காலம் வீட்டில் "மிஸ், நண்டுப் பாட்டு" என்றான். எனக்கு உடம்பெல்லாம் வலி. துணி ஊறிக் கிடந்தது, மாவு ஆட்டவில்லை, போன் வேறு வாயைத் திறக்காமல் கிடந்தது. "ஸ்கூல் பாட்டு ஸ்கூலோட. சும்மா இரு" என்றேன். அவன் சும்மா இருந்தான். அவன் இவ்வளவு நன்றாகச் சும்மா இருப்பான் என்று நான் இதற்குமுன் கவனித்ததில்லை.

கவனித்தபிறகுதான் இன்னொன்றும் தோன்றியது. ரூல்ஸ், ரூல்ஸ் என்கிறானே, ரூல்ஸ் எல்லாம் ஒன்றுமில்லை. அவனுக்கு மிஸ்ஸைப் பிடித்திருக்கிறது. மிஸ் பாடுவாள், நண்டு மாதிரி நடப்பாள், யானைக்குக் கல்யாணம் என்றால் பத்திரிகை எங்கே என்று கேட்பாள். வீட்டில் இருப்பவள் சும்மா இரு என்பாள். நானாக இருந்தாலும் மிஸ்ஸைத்தான் கேட்பேன்.

செப்டம்பர் 19, வியாழன்

விளையாட்டு நேரத்தில் ரிஸ்வானாவும் நேவிஸும் மோதிக்கொண்டு விழுந்தார்கள். ரிஸ்வானாவுக்குச் சிராய்ப்பு. அவள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெரு நாய் பதில் சொன்னது. ஓடிப்போய் அவளை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். பிறகுதான் நேவிஸைப் பார்த்தேன். முழங்காலில் ரத்தம் வழிந்து சாக்ஸ் வரை வந்திருந்தது. அவன் எழுந்து நின்று விரலை உதட்டில் வைத்துக்கொண்டிருந்தான்.

எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடமும் வராந்தாவில் நின்றார்கள். சொந்தப் பிள்ளையைத் தூக்கினால் பேச்சுக்கு இடமாகும். "சொர்ணக்கா, நேவிஸக் கழுவி விடுங்க" என்றேன்.

சொர்ணக்கா கழுவிக்கொண்டே கேட்டாளாம், "வலிக்கலையாய்யா? அழுதுட்டா வலி போயிரும்லா."

"நான் மிஸ் புள்ள. நான் அழக் கூடாது" என்றானாம்.

வீட்டுக்கு வந்து கட்டுப்போடும்போது முழங்காலில் முத்தம் கொடுத்தேன். காலை இழுத்துக்கொண்டு, "தேங்க்யூ மிஸ்" என்றான்.

அவன் அந்த வார்த்தையைச் சொல்லி எவ்வளவு நாளாயிற்று. ஒரு தரம் சொன்னால் போதும் என்று இருக்கிறது. தூக்கத்தில் உளறினாலும் போதும்.

அக்டோபர் 7, திங்கள்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ரூபனிடமிருந்து செய்தி வந்திருந்தது. மாற்று ஆள் ஏறவில்லை, நவம்பரில் இறங்க முடியாதாம். பிப்ரவரி என்கிறார்கள்.

பரவாயில்லை.

அக்டோபர் 8

பரவாயில்லை என்றுதான் அவருக்கும் அனுப்பினேன்.

அக்டோபர் 9

பைப்பைத் திறந்து வைத்தேன். பிறகு அவன் சொன்னது ஞாபகம் வந்து மூடிவிட்டேன். தண்ணீர் வீணாகிறது.

நவம்பர் 8, வெள்ளி

மழை. பாதி வகுப்புதான் வந்தது. வெற்றிவேல் அப்பாவின் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தான். கோட்டுதான் நடந்து வந்தது, அவன் எங்கிருக்கிறான் என்று தேட வேண்டியிருந்தது.

மதியம் தட்டு கழுவும் இடத்தில் சொர்ணக்கா என் கையைப் பிடித்தாள். "அமலி மிஸ், சொல்லலாமா வேண்டாமான்னு இருந்தேன். கோவிச்சுக்காதிய."

"சொல்லுங்கக்கா."

"நேத்து பன்னெண்டரைக்கு அந்த வெற்றிப்பய நம்ம பிள்ளைட்ட கேக்கான், 'ஏல, ஒங்க அம்மா மட்டும் ஏன் கேட்டுக்கு வரவே மாட்டா'ன்னு."

"அவன் என்ன சொன்னான்?"

சொர்ணக்கா என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "'எங்க அம்மாவும் கப்பல்ல போயிருக்கா'ன்னான்."

கழுவிய தட்டையே மறுபடி கழுவினேன்.

இத்தனை நாளும் மிஸ் என்கிற சொல்லைத்தான் நான் எதிரியாக நினைத்திருந்தேன். மிட்டாய் கொடுத்துப் பார்த்தேன், சூடு வைப்பேன் என்றேன். அவனுக்கோ அம்மா ஒருத்தி காணாமல் போயிருக்கிறாள், அவளை அவன் தேடிக்கொண்டிருக்கிறான், அது எனக்குத் தெரியவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் பன்னிரண்டரைக்கு ஓர் அம்மா வருகிறாள். அவளிடம் மிஸ்ஸைப் பற்றிச் சொல்லலாம். இவன் மிஸ்ஸைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வான்?

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். அம்மாமார் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தோம். ஒவ்வொரு பிள்ளையும் தான் செய்த காகிதப் பூவை மேடையிலிருந்து இறங்கிப்போய்த் தன் அம்மாவிடம் கொடுக்க வேண்டும். நான்தான் மைக்கில் பெயர் கூப்பிட்டேன். ரிஸ்வானா பூவைக் கொடுத்துவிட்டு அம்மாவின் பர்தாவுக்குள் புகுந்துகொண்டாள், வெளியே எடுக்க முடியவில்லை. வெற்றிவேல் வழியில் நின்று எல்லாருக்கும் கும்பிடு போட்டான். அவன் பூவைத் தின்னாமல் கொண்டுபோய்ச் சேர்த்தான், அதுவே பெரிது.

"நேவிஸ்" என்றேன். மைக்கில் என் குரல் எனக்கே வேறு யாரோ கூப்பிடுவது போல இருந்தது.

மஞ்சள் பூ. பசை காயாமல் ஓர் இதழ் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் மேடையின் நுனிக்கு வந்து நின்றான். நாற்காலிகளை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்த்தான். நிதானமாகப் பார்த்தான், வந்தாலும் வந்திருக்கலாம் என்பது போல. அம்மாமார் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், அடுத்து என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியுமே. நானும் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கையை நீட்டிக்கொண்டு குனிந்தேன்.

அவன் என்னிடம்தான் வந்தான். பூவை என் கையில் வைத்தான். காதுக்கருகே வந்து மெதுவாகச் சொன்னான்.

"மிஸ், இத எங்க அம்மா வந்தா குடுத்துருவீங்களா?"

எல்லாரும் கைதட்டினார்கள்.

"குடுக்கேன்" என்றேன்.

நவம்பர் 15, வெள்ளி

பூ மாதா சுரூபத்துக்கு முன்னால் இருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைப் போய்ப் பார்த்தான். "இன்னும் குடுக்கலையா மிஸ்?" என்றான்.

மதிய இடைவேளையில் மேடம் அறைக்குப் போனேன்.

"மேடம், தினமும் பன்னெண்டரைக்கு எனக்கு அரைமணி நேரம் வேணும்."

"எதுக்கு?"

"எம்பிள்ளையக் கூப்பிட வரணும்."

"எங்கருந்து?"

"இங்கருந்துதான்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்கள். "ஒங்க பிள்ள இங்க இருக்கான். நீங்களும் இங்க இருக்கீங்க. யாரு யாரக் கூப்பிட எங்க வரணும்? ஒங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இருக்கா அமலி?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஜெம்ஸ் பாக்கெட், முழங்கால், கப்பல், நேற்றைய பூ. சொல்லும்போது அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், அழுதுவிட்டேன். அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"என் மகனும் இதே எல்.கே.ஜி.லதான் படிச்சான். என் கிளாஸ்ல" என்றார்கள். "இப்ப கனடால இருக்கான். போன் பண்ணா 'எஸ் மேடம், சொல்லுங்க மேடம்'பான். விளையாட்டுக்குத்தான்."

மேசை மேல் கண்ணாடியைத் தேடினார்கள். அது அவர்கள் கையிலேயே இருந்தது.

"அரைமணி எடுத்துக்கோங்க. சொர்ணம் கிளாஸப் பாத்துக்கிடட்டும்" என்றார்கள். நான் வாசலுக்குப் போனபிறகு திரும்பக் கூப்பிட்டார்கள். "அமலி, வெளிய நிக்கும்போது அந்த ஐ.டி. கார்டக் கழட்டிருங்க. மிஸ் மாதிரி நிக்காதீங்க."

நவம்பர் 17, ஞாயிறு

மழைவிட்டு வெயில். நீலச் சேலையை எடுத்து இஸ்திரி போட்டேன். ரூபன் எடுத்துக்கொடுத்தது, அவர் போனபிறகு கட்டவில்லை.

ஒரு வேலையும் செய்யாமல் கொஞ்ச நேரம் நண்டுப் பாட்டு பாடிப் பார்த்தேன். வீட்டுக்குள் பாட எனக்கே கூச்சமாக இருந்தது. அடுப்படிக்கும் ஹாலுக்கும் பக்கவாட்டில் ஒரு நடை நடந்தேன். கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. நான் பார்த்ததும் மறைந்துவிட்டது.

நவம்பர் 18, திங்கள்

இதை யு.கே.ஜி. பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் எழுதுகிறேன்.

பன்னிரண்டே காலுக்கு வகுப்பைச் சொர்ணக்காவிடம் விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனேன். ஆயா அறையில் வைத்திருந்த நீலச் சேலையை மாற்றிக்கொண்டேன். ஐ.டி. கார்டைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். காலையிலேயே கைப்பையில் எடுத்து வந்திருந்த மஞ்சள் காகிதப் பூவைத் தலையில் குத்திக்கொண்டேன். தெருவைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து அம்மாமார் கூட்டத்தில் நின்றேன்.

ரிஸ்வானாவின் அம்மா திரும்பிப் பார்த்துத் திகைத்துப்போனாள். "மிஸ்! நீங்க எங்க இங்க?"

"எம்பிள்ளையக் கூப்பிட வந்தேன்."

அவள் என் தலையிலிருந்த பூவைப் பார்த்தாள். நகர்ந்து, கம்பிக்குப் பக்கத்தில் எனக்கு இடம்விட்டாள்.

இந்தப் பக்கமிருந்து பார்த்தால் பள்ளி வேறு மாதிரி இருக்கிறது. சுவர் உயரமாகத் தெரிகிறது. உள்ளே என்ன நடக்கிறதென்று ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு பெயராகச் சொர்ணக்கா ஏலம் விட்டாள். ரிஸ்வானா போனாள், வெற்றிவேல் போனான். ஆபீஸ் வாசல் பெஞ்சில் நேவிஸ் வழக்கம்போல உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் அவன் என்னைத் தேடவில்லை. தேடிப் பழக்கமில்லையே அவனுக்கு.

சொர்ணக்கா என்னைப் பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். மற்ற எல்லாப் பெயரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

"நேவிஸ் அம்மா வந்தாச்சு!"

பெஞ்சிலிருந்து இறங்கினான். ஓடவில்லை, நடந்து வந்தான். கேட்டுக்கு வந்து, ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயும் வைத்து நின்றான். என் கழுத்தைப் பார்த்தான், கார்டு இல்லை. சேலையைப் பார்த்தான். கடைசியாகப் பூவைப் பார்த்தான்.

"அம்மா! மிஸ் குடுத்துட்டாவளா?"

"குடுத்தாங்கய்யா" என்றேன்.

வந்து வயிற்றில் முட்டினான். முட்டிய நொடியே வாய் திறந்துவிட்டது. ஐந்து மாதச் சேதி, தெருமுனைக்குள் அடங்கவில்லை. மாதா கோயில் மதில் நிழலில் உட்காரவைத்துத் தயிர்ச்சோறு ஊட்ட ஊட்டச் சொல்லிக்கொண்டேயிருந்தான். "தெரியுமாம்மா, வெற்றி இருக்காம்லா, அவன் இன்னைக்கு மிஸ்ஸப் போயி அம்மான்னு கூப்பிட்டுட்டான். நாங்கல்லாம் சிரிச்சோம். மிஸ் நண்டு மாதிரி நடப்பாவ. ஒனக்கு நடக்கத் தெரியுமா? நீ நேத்து நடந்தத நான் பாத்தேன். நல்லாத்தான் நடந்த."

அப்புறம் குரல் இறங்கியது. "ஆனா அம்மா, ரிஸ்வானா விழுந்தா மிஸ் தூக்குவாவ. என்னைய மட்டும் தூக்கவே மாட்டாவ."

"ஏனாம்?"

"தெரியல. ரூல்ஸ்."

"எம்பிள்ளையத் தூக்க மாட்டாங்களா? நான் போயி அந்த மிஸ்ஸ நல்லா நாலு கேள்வி கேக்கட்டா?"

ஒரு வாய்ச் சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு யோசித்தான். வேண்டாம் என்று தலையாட்டினான்.

"ஏசிராதம்மா. நல்ல மிஸ்ஸு. அவிய பாவம்மா."

"ஏன் பாவம்?"

"எல்லாரும் போனப்புறமும் அங்கனயேதான் இருப்பாவ. அவியளக் கூப்பிட யாருமே வர மாட்டாவ."

கையைக் கழுவினேன். ஒரு மணி ஆகப்போகிறது, இருவரும் உள்ளே போக வேண்டும். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டு வரைக்கும் நடந்தேன். நன்றாகக் கனத்திருந்தான்.